அது ஹெர்பிஸ்தானா? புண்ணில் எடுக்கும் டெஸ்டும் ரத்தத்தில் எடுக்கும் டெஸ்டும்

உடம்பில் ஏதோ ஒரு இடத்தில், காரணமே தெரியாமல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்புகின்றன. இரண்டு மூன்று நாளில் உடைந்து புண்ணாகின்றன. பத்து நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடுகின்றன. சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வருகின்றன. வீட்டில் கேட்டால் "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு களிம்பு கிடைக்கும். இணையத்தில் தேடினால் ஹெர்பிஸ் என்று வரும். பயந்துபோனவர் நேராக ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான். தோலில் இருக்கும் புண் ஹெர்பிஸா என்று தெரிய வேண்டுமென்றால், அந்தப் புண்ணிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். அதுவும் கொப்புளம் ஈரமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்தால்தான் நல்லது. ரத்தப் பரிசோதனை பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல், ஹெர்பிஸே இல்லாதவர் இருப்பதாக நினைத்து இடிந்து போகிறார். இருப்பவர் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. ஹெச்எஸ்வி-1 பெரும்பாலும் வாய், உதட்டுப் பக்கம் வரும். எச்சில், முத்தம் வழியாகப் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஹெச்எஸ்வி-2 பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவி இடுப்புக்குக் கீழே வருவது. ஆனால் வாய்வழி உறவின் மூலம் ஹெச்எஸ்வி-1 கீழேயும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பேர் என்ற அளவில், ஹெச்எஸ்வி-1 இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்காரர்களில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு ஹெச்எஸ்வி-2 இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஒருமுறை உள்ளே வந்த வைரஸ் நரம்பு வழியாக ஏறி ஒரு நரம்பு முடிச்சில் போய்த் தங்கிவிடும். காய்ச்சல், வெயில், மன உளைச்சல், மாதவிடாய் என்று ஏதாவது ஒரு சாக்கில் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் திரும்பத் திரும்ப அதே இடம், அல்லது அதற்குப் பக்கத்து இடம். இடுப்புக்குக் கீழே தொற்றிய வைரஸ் முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்பு முடிச்சில் இருப்பதால் பிட்டத்திலும் தொடையிலும்கூடக் கொப்புளம் கிளம்பலாம். இதைச் சூட்டுக் கொப்புளம் என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நம்மூரில் 'அக்கி' என்று சொல்வது பெரும்பாலும் இதுவல்ல, இதன் பங்காளி. சின்னம்மை வந்து போன பிறகு அந்த அம்மை வைரஸ் நரம்பில் தங்கி, பல வருடம் கழித்து உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் பட்டையாகக் கிளம்புவது அக்கி. நெஞ்சிலோ முதுகிலோ நெற்றியிலோ நடுக்கோட்டைத் தாண்டாமல் வரும். கொப்புளம் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் எரிச்சலும் குத்தலும் இருக்கும். மருத்துவப் பெயர் ஹெர்பிஸ் சோஸ்டர். பெயரில் ஹெர்பிஸ் இருப்பதால், ரிப்போர்ட்டையோ மருந்துச் சீட்டையோ பார்த்து "எனக்குப் பால்வினை நோயா?" என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். இல்லை, அக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. அதைக் கேலி செய்ய மாட்டேன். வலியில் துடிப்பவருக்கு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்ப்பதே ஆறுதல்தான். ஆனால் அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறக்கூடியது. வைரஸை அடக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்வது கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால். காவி எழுதி முடித்து, ஆறவில்லையே என்று டாக்டரிடம் வரும்போது அந்த நேரம் போய்விடுகிறது. மேலே காவி பூசிய புண்ணைப் பார்த்து அது என்னவென்று சொல்வதும் கஷ்டம். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, ஊதா மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் எப்படித் தெரியும்? முதலில் ஓர் இடத்தில் சுருசுருவென்று அரிப்போ எரிச்சலோ இருக்கும். சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ அந்த இடம் சிவந்து, சிவப்பின் மேல் நெருக்கமாக ஒரு கொத்துக் கொப்புளம் வரும். உள்ளே தெளிவான நீர் இருக்கும். உடைந்தால் ஆழமில்லாத, தொட்டால் வலிக்கிற புண்கள். பிறகு பொருக்குக் கட்டி ஆறும். முதல் தடவை என்றால் காய்ச்சல், நெறிகட்டுதல் எல்லாம் சேர்ந்து இரண்டிலிருந்து நான்கு வாரம் இழுக்கலாம். அடுத்தடுத்த தடவைகள் லேசாக, ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும்.

இது புத்தகத்தில் இருக்கும் வரிசை. நிஜத்தில் நிறையப் பேருக்கு இப்படி வருவதில்லை. பிளேடு கீறியது போல ஒரு வெடிப்பு, நான்கு நாள் இருந்து போகும் ஒரு சிவப்புத் திட்டு, பூச்சி கடித்தது போல ஒரே ஒரு புள்ளி, இவ்வளவுதான் வரும். விரல் நுனியில் வந்தால் நகச்சுற்று என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வோம். சில சமயம் கீறிச் சீழ் எடுக்கவும் போவோம். ஹெர்பிஸ் என்றால் அதைக் கீறவே கூடாது. உள்ளே சீழ் இருக்காது, கீறினால் ஆறுவதுதான் தாமதமாகும்.

மறுபக்கம், ஹெர்பிஸ் போலவே வேஷம் போடும் விஷயங்கள் ஏராளம். அனுபவமுள்ள தோல் டாக்டரே கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்ல முடியும் என்பதற்கு இவைதான் காரணம். ஷேவ் செய்த இடத்தில் முடி உள்பக்கமாக வளர்ந்து வரும் பரு, மயிர்க்கால் அழற்சி, சிரங்கு, புது சோப்போ சானிட்டரி பேடோ ஒத்துக்கொள்ளாமல் வரும் தடிப்பு. கன்னத்தின் உள்பக்கமும் நாக்குக்கு அடியிலும் அடிக்கடி வரும் சாதாரண வாய்ப்புண் ஹெர்பிஸ் அல்ல. ஹெர்பிஸ் திரும்ப வரும்போது உதட்டு ஓரத்திலும், அண்ணத்தின் கெட்டியான பகுதியிலும், ஈறிலும்தான் பெரும்பாலும் வரும். மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும் கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு சின்ன வண்டு இருக்கிறது. தூக்கத்தில் அதைக் கழுத்திலோ கையிலோ நசுக்கிவிட்டால், ஒன்றிரண்டு நாளில் சூடு போட்டது போலக் கோடாக எரிந்து கொப்புளம் கட்டும். பார்க்கும் பத்துப் பேரில் பாதிப் பேராவது அக்கி என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வேஷக்காரரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்: மாத்திரை ஒவ்வாமை. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை சாப்பிட்டால், ஒவ்வொரு தடவையும் உடம்பின் அதே இடத்தில், பெரும்பாலும் உதட்டிலோ ஆணுறுப்பு நுனியிலோ, ஊதா நிறத்தில் ஒரு வட்டம் வந்து கொப்புளமாகிப் புண்ணாகும். சல்பா கலந்த ஆன்டிபயாட்டிக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல் வகை மாத்திரை எல்லாம் இதைச் செய்யும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதால் அப்படியே ஹெர்பிஸ் போலிருக்கும். வித்தியாசம், ஆறிய பிறகு கருப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். ஹெர்பிஸ் சாதாரணமாக அப்படி விட்டுப் போகாது. புண் வருவதற்கு முந்தைய நாள் என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

சிபிலிஸை மறந்துவிடக் கூடாது. அதன் முதல் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, விளிம்பு கெட்டியாக, வலியே இல்லாமல் இருக்கும். வலிக்காததால் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே போய்விடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகக் கூடிய நோய் அது. எனவே பிறப்புறுப்பில் புண் என்றால் ஹெர்பிஸ் சோதனையோடு சிபிலிஸ், எச்ஐவி சோதனையும் சேர்த்தே எடுக்கச் சொல்வார்கள். சந்தேகப்படுகிறார்களே என்று கோபப்பட ஒன்றுமில்லை. சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில் நெகட்டிவ் காட்டிவிட்டு பிறகு பாசிட்டிவ் ஆகலாம் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுங்கள்.

இனி சரியான டெஸ்ட். டாக்டர் ஒரு ஊசி நுனியால் கொப்புளத்தின் மேல்தோலை மெதுவாகத் திறப்பார். பிறகு கொரோனா காலத்தில் மூக்கில் விட்டார்களே, அதே மாதிரியான செயற்கை இழைக் குச்சியைப் புண்ணின் அடித்தளத்தில் அழுத்திச் சுழற்றுவார். வலிக்கும். வலிக்காமல் மேலாகத் தடவி எடுத்த மாதிரியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் வைரஸ் அடித்தளத்துச் செல்களில்தான் இருக்கிறது. குச்சியைத் திரவம் இருக்கும் ஒரு குழாயில் போட்டு, நுனியை ஒடித்து, மூடி, குளிர்ச்சி குறையாமல் லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே பிசிஆர் முறையில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹெச்எஸ்வி-1, ஹெச்எஸ்வி-2, அம்மை வைரஸ் மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லிவிட முடியும். பாசிட்டிவ் என்று வந்தால் விஷயம் முடிந்தது: அந்தப் புண்ணில் அந்த வைரஸ் இருக்கிறது.

எந்த வகை என்று தெரிவது வெறும் தகவலுக்காக அல்ல. பிறப்புறுப்பில் ஹெச்எஸ்வி-2 என்றால் முதல் வருடத்தில் நான்கைந்து தடவை திரும்ப வருவது சாதாரணம். அதே இடத்தில் ஹெச்எஸ்வி-1 என்றால் ஒரு தடவை வரலாம், பலருக்கு வராமலே போகும். தினசரி மாத்திரை தேவையா என்பதை டாக்டர் இதை வைத்துத்தான் யோசிப்பார்.

நெகட்டிவ் என்று வந்தால் விஷயம் முடியவில்லை. புண் பொருக்குக் கட்டிய பிறகு எடுத்தாலோ, ஹெர்பிஸ் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தாலோ, மாதிரி போதாமல் போனாலோ நெகட்டிவ் வரலாம். ஆகவே எத்தனையாவது நாளில் எடுத்தது என்பதையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பிசிஆர் வசதி இல்லாத இடங்களில் 'சாங்க்' ஸ்மியர் என்று ஒன்று எடுப்பார்கள். ஆர்னோ சாங்க் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரில் உள்ள பழைய முறை. புண்ணின் அடியைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பல உட்கருக்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பெரிய செல் தெரிந்தால், ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். மலிவு, அன்றே பதில் கிடைக்கும். ஆனால் 1-ஆ, 2-ஆ, அக்கியா என்று சொல்லாது. பல கேஸ்களைத் தவறவும் விடும். ஒன்றுமில்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். வைரஸை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறையும் உண்டு. பிசிஆர் அளவுக்குக் கூர்மை போதாது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. இது தேடுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களை. முதலில் உருவாவது ஐஜிஎம், பிறகு வந்து நிலைத்து நிற்பது ஐஜிஜி. லேப் பட்டியலில் "ஹெச்எஸ்வி 1 & 2 ஐஜிஎம்" என்று ஒன்று இருக்கும். பல தொற்றுகளில் ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று என்று அர்த்தம். ஹெர்பிஸில் அந்தக் கணக்கு செல்லாது. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் ஐஜிஎம் வரும், வேறு வைரஸோடு குழம்பிப் பொய்யாகவும் வரும், வகையையும் பிரிக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த டெஸ்ட் வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது. இருந்தும் நம் ஊரில் கருச்சிதைவு ஆன பெண்களுக்கு 'டார்ச்' பேனல் என்ற, கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளுக்கான சோதனைக் கட்டோடு கட்டாக இதையும் எடுத்து, ஐஜிஎம் 1.2 என்று வந்த ஒரு எண்ணுக்காகக் குடும்பத்தில் பெரிய பூகம்பமே நடக்கிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. புண்ணே இல்லாத ஒரு பெண்ணின் ஐஜிஎம் எண்ணை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஐஜிஜி கொஞ்சம் பரவாயில்லை. அதிலும் வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றை வைத்து வகையைப் பிரித்துச் சொல்லும் 'கிளைக்கோபுரோட்டீன் ஜி' முறையில் செய்ததாக இருக்க வேண்டும். ஐஜிஜியைத் தேதி போடாத வருகைப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆள் வந்தான் என்று இருக்கும். எப்போது வந்தான், எந்த அறையில் உட்கார்ந்தான் என்று இருக்காது. மேலே சொன்ன 380 கோடி இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஒருவருக்குச் சின்ன வயதில் பாட்டி கொடுத்த முத்தத்தில் ஹெச்எஸ்வி-1 வந்திருக்கும். இப்போது அவருக்கு ஆணுறுப்பில் மாத்திரை ஒவ்வாமைப் புண். ரத்தம் கொடுக்கிறார், ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ் வருகிறது. ரிப்போர்ட் சொன்னது உண்மை. ஆனால் புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் அசைக்ளோவிர் சாப்பிட்டுக்கொண்டே, காரணமான வலி மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஹெச்எஸ்வி-2 ஐஜிஜியில் இன்னொரு சிக்கல் உண்டு. பல கிட்களில் 1.1-க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சாகும். 1.1-க்கும் 3-க்கும் நடுவில் வரும் குறைந்த எண்கள் பொய்யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேறொரு முறையில் உறுதி செய்யாமல் நம்பக் கூடாது. இதற்கெல்லாம் கடைசி நீதிமன்றம் போல இருக்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைச் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்கிறது. நமக்கு எட்டாத தூரம். அதனால் எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். தொற்று வந்து ஐஜிஜி உருவாக 12 வாரம் வரை ஆகலாம் என்பதால், போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் எடுக்கும் நெகட்டிவுக்கும் அர்த்தமில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-ல் சொன்னது, 2023-ல் அதையே மறுபடி உறுதி செய்தது.

அப்படியானால் ஐஜிஜியே வீணா? இல்லை. அடிக்கடி புண் வந்தும் ஸ்வாப்பில், அதாவது குச்சியால் புண்ணில் எடுத்த மாதிரியில், எதுவும் சிக்காதபோது, 12 வாரம் தாண்டி எடுத்த ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி நெகட்டிவ் என்றால், டாக்டர் வேறு காரணத்தைத் தேட ஆரம்பிப்பார். அது பெரிய உதவி.

"அசைக்ளோவிர் கொடுத்தார்கள், ஆறிவிட்டது, அப்படியென்றால் ஹெர்பிஸ்தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. ஹெர்பிஸும் தானாக ஆறும், மேலே சொன்ன வேஷக்காரர்களில் பாதிப் பேரும் தானாக ஆறுவார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆறியது எதற்கும் சாட்சி ஆகாது.

தமிழ்நாட்டில் இதற்கு எங்கே போவது? தோல் டாக்டரே பால்வினை நோய் டாக்டரும்தான். இந்தியாவில் இரண்டும் சேர்ந்த படிப்பு. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே ஒரு தனி நிலையம் உண்டு. இந்த மையங்களில் டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. கொப்புளத்தோடு வரும் வலியுள்ள புண்ணுக்கு அசைக்ளோவிர் உள்ள சிவப்பு நிற மருந்துக் கிட், சிபிலிஸ் போல இருக்கும் புண்ணுக்கு வெள்ளைக் கிட். நோயாளி திரும்பி வருவாரோ மாட்டாரோ என்ற நிலையில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சிவப்புக் கிட் கையில் கிடைத்ததே ஹெர்பிஸ் உறுதியானதற்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. "டாக்டர், மருந்து ஆரம்பிக்கும் முன் இதில் ஸ்வாப் எடுத்துப் பிசிஆர் பார்க்க முடியுமா? எந்த வகை என்று தெரியுமா?" என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

நீங்கள் டாக்டரைப் பார்க்கும்போது புண் ஆறிப்போயிருந்தால், போனில் எடுத்த படங்கள் கைகொடுக்கும். நல்ல வெளிச்சத்தில், நாளுக்கு ஒன்றாக, ஒரு படம் கிட்டத்திலும் ஒரு படம் இடம் தெரியும்படி தள்ளியும் எடுத்து வையுங்கள். எந்தக் களிம்பும் தடவாதீர்கள், குறிப்பாக ஸ்டீராய்டு கலந்தவை. வைரஸுக்கு அது விருந்து. அடுத்த தடவை சுருசுருப்பு தொடங்கியதுமே போன் செய்து, முதல் கொப்புளம் வந்த அன்றே போவதாக டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைதான் வரும், அது வேறு விஷயம்.

உறுதியான பிறகு வீட்டில் எழும் முதல் கேள்வி, "யாரிடமிருந்து வந்தது?" வைரஸ் உடம்புக்குள் வந்து 2 முதல் 12 நாளில் முதல் புண் வரலாம். அல்லது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் முதல் புண்ணே வரலாம். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து வந்த முதல் புண், இந்த வருடம் யாரோ துரோகம் செய்ததற்குச் சான்று அல்ல. எந்த டெஸ்ட்டாலும் தேதியைச் சொல்ல முடியாது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து டாக்டரிடம் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சில நிலைமைகளில் மட்டும் மேலே சொன்ன நிதானம் எதுவும் வேண்டாம், அன்றே போக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பிறப்புறுப்பில் புண் வந்தால், பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து அதிகம். மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் கொப்புளம் வந்தாலும், கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தைக்குத் திடீரென்று உடம்பெல்லாம் கொப்புளம் பரவினாலும் அப்படியே. கண்ணுக்குப் பக்கத்திலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்து கண் சிவந்து கூசினால் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், கருவிழியில் ஹெர்பிஸ் புண் மரக்கிளை போலத் தெரியும். அதைப் பார்க்கும் முன்பு கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டால் பார்வையே போகலாம்.